வசந்த விடுமுறையும் மாநிலப் பூங்காவும்

ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலே, மார்ச் மாதத்தின் நடுப்பகுதியில், பெரும்பாலான பாடசாலைகள் ஒரு வார காலத்துக்கு மூடப்படுகின்றன. அந்த விடுமுறையில் ஒரு நாட் காலை, ஒஸ்டின் நகரத்திலிருந்து ஒரு குடும்பம் காரிலே புறப்படுகின்றது என்று வைத்துக்கொள்வோம். தாய், தந்தை, பிள்ளைகள் இருவர். அவர்களோடு, பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் அம்மம்மாவும் இருக்கின்றார். கட்டுச்சோறும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடி, மந்திரப் பாறை என்னும் பொருள்படும் எஞ்சான்டட் றொக் என்ற குன்றின் வாயிலை அடைகின்றனர். நேரம் பதினொரு மணி. வாயிலிலே ஓர் அறிவிப்புப் பலகை நிற்கின்றது: இன்று இடம் நிறைந்துவிட்டது. அவர்களுக்கு முன்னே நின்ற கார்கள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. அதே வேளையில் அவர்களுக்குப் பின்னே வந்த ஒரு கார், பூங்காக் காவலரிடம் ஒரு சீட்டைக் காட்டிவிட்டு உள்ளே செல்கின்றது. “இது எல்லோருக்கும் சொந்தமான நிலம் என்று பாடசாலையிலே படிப்பித்தார்களே! அப்படியானால் எங்களை ஏன் விடவில்லை?” என்று மூத்த பிள்ளை கேட்கின்றான்.

பிள்ளையின் கேள்வி நியாயமானது. அதற்குரிய விடையை அறிவதற்கு மாநிலப் பூங்கா என்பது யாது, அது எவ்வாறு உண்டாயிற்று, அங்கே செல்ல விரும்புவோர் எவ்வாறு ஆயத்தம் செய்தல் வேண்டும் என்பனவற்றை அறிதல் வேண்டும். நேயர்களுட் பலருடைய பிள்ளைகளும் உறவினரும் இன்று அந்நாட்டு நகரங்களிலே குடியிருக்கின்றனர். ஆதலால் இது முற்றிலும் அயலாருடைய கதையும் அன்று.

பூங்கா என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது பூஞ்செடிகளும் புற்றரையும் வாங்குகளும் உள்ள நகரத் தோட்டமே. அமெரிக்காவின் மாநிலப் பூங்கா அத்தகையதன்று. அது காடாக இருக்கலாம். ஏரியாக, மலையாக, கடற்கரையாக, மணல்மேடாக இருக்கலாம். பல்லாயிரம் ஏக்கர் பரப்புள்ள பள்ளத்தாக்காகவும் இருக்கலாம். அந்நாட்டிலே நடுவண் அரசாங்கம் பராமரிக்கும் தேசியப் பூங்காக்கள் ஒருவகை. ஐம்பது மாநிலங்களும் தத்தம் செலவிலே பராமரிக்கும் மாநிலப் பூங்காக்கள் வேறொரு வகை. யெலோஸ்டோன், கிராண்ட் கன்யன் முதலிய தேசியப் பூங்காக்களின் பெயர் உலகெங்கும் பரவியுள்ளது. ஆயின் ஒரு சாதாரண குடும்பம் சனிக்கிழமை புறப்பட்டு ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பக்கூடிய தொலைவில் இருப்பது பெரும்பாலும் மாநிலப் பூங்காவே ஆகும்.

இவ்வெண்ணத்தின் வேர் 1864ஆம் ஆண்டிலே உள்ளது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த அவ்வாண்டின் ஜூன் 30ஆம் நாள், ஜனாதிபதி ஏபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்திலே கையொப்பமிட்டார். யொசெமிற்றிப் பள்ளத்தாக்கும், அதன் அயலிலுள்ள பெருமரச் சோலை ஒன்றும் பொதுமக்களின் பயனுக்கென்று கலிபோர்னியா மாநிலத்திடம் அச்சட்டத்தால் ஒப்படைக்கப்பட்டன. 1906இல் அப்பள்ளத்தாக்கு மீண்டும் நடுவண் அரசைச் சேர்ந்தது. எனினும் அழகிய நிலம் ஒன்றை ஒரு மாநிலம் தன் மக்களுக்காகக் காக்கலாம் என்னும் முன்மாதிரி அங்கேதான் தோன்றியது.

அதனிலும் நல்ல பாடம் நயகரா நீர்வீழ்ச்சியின் வரலாற்றிலே கிடைக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நீர்வீழ்ச்சியின் அமெரிக்கக் கரை முழுவதும் தனியார் கைக்குட் சென்றுவிட்டது. ஆலைகளும் விடுதிகளும் கடைகளும் கரையை மறைத்தன. உரிமையாளர் வேலி அடைத்து, உள்ளே சென்று பார்ப்பதற்குக் காசு வாங்கினர். இயற்கை யாவருக்கும் கொட்டிக்கொடுத்த நீரை இலவசமாகக் காண்பதற்கு அக்கரையிலே ஓர் இடமும் இல்லாது போயிற்று. நிலக்காட்சிக் கலைஞர் பிரெடெரிக் லோ ஒல்ம்ஸ்டட் முதலியோர் இதனை எதிர்த்து ஓர் இயக்கம் நடத்தினர். நியூயோர்க் மாநிலம் அக்கரை நிலத்தை விலைகொடுத்து வாங்கிற்று. 1885ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் வேலிகள் நீங்கி, நயகரா மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்நாட்டின் மிகப் பழைய மாநிலப் பூங்கா என்று இன்று போற்றப்படுவது அதுவே. பின்னர் மிசிசிப்பி ஆறு பிறக்கும் இடமாகிய இட்டாஸ்காவை 1891இல் மினசோட்டா மாநிலமும், செம்மரங்கள் வானளாவ நிற்கும் பிக் பேசினை 1902இல் கலிபோர்னியா மாநிலமும் காப்பாற்றிக்கொண்டன. பணம் உள்ளவனுக்கு மட்டும் திறந்திருந்த கதவை யாவருக்கும் திறந்துவிடுவதே பூங்காவின் முதல் நோக்கமாக இருந்தது என்பதை இங்கே மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இனி டெக்சாஸ் மாநிலத்தின் கதைக்கு வருவோம். டெக்சாஸ் பரப்பிலே இலங்கையைப் போலப் பத்து மடங்குக்கு மேற்பட்டது. ஆனால் அப்பெருநிலத்திலே பொதுமக்கள் கால்வைக்கக்கூடிய நிலம் மிகக் குறைவு. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் அதிகமானது தனியாருடைய சொத்து. இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1845இல் டெக்சாஸ் ஐக்கிய அமெரிக்காவோடு இணைந்தபோது தன் பொதுநிலத்தை நடுவண் அரசிடம் கொடாது தானே வைத்துக்கொண்டது. பின்னர் அந்நிலம் குடியேறியோருக்கும் புகையிரதக் கம்பனிகளுக்கும் பிறருக்குமாகப் பங்கிடப்பட்டு விற்கப்பட்டது. ஆகவே, பூங்கா அமைக்க வேண்டும் என்ற எண்ணம் பிற்காலத்திலே எழுந்தபோது அரசாங்கத்தின் கையிலே நிலம் இருக்கவில்லை.

அந்நிலையிலே தொடக்கம் ஒரு தாயின் கையால் நிகழ்ந்தது. இசபெல்லா நெஃப் என்னும் மூதாட்டி, லியோன் ஆற்றங்கரையிலே தமக்கிருந்த ஆறு ஏக்கர் நிலத்தைப் பொதுமக்கள் கூடுமிடமாக விட்டுச் சென்றார். அவருடைய மகனாகிய பட் நெஃப் 1921இல் மாநிலத்தின் ஆளுநரானார். அவருடைய காலத்தில், 1923ஆம் ஆண்டு, மாநிலப் பூங்காச் சபை நிறுவப்பட்டது. நிலம் வாங்குவதற்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. சபையார் ஊர்ஊராகச் சென்று நிலத்தைத் தானமாகக் கேட்டனர். அன்று அத்தாய் கொடுத்த நிலத்திலிருந்து வளர்ந்த பூங்கா இன்றும் அன்னை நெஃப் என்ற பெயரையே தாங்கி நிற்கின்றது.

நிலம் கிடைத்தாலும் பாதையும் தங்குமிடமும் அமைப்பதற்கு ஆட்கள் வேண்டுமன்றோ? அதற்கு வழி பெரும் பொருளாதார மந்தத்தின் மத்தியிலே பிறந்தது. 1933இல் ஜனாதிபதி பிராங்கிளின் ரூசுவெல்ற் வேலையற்ற இளைஞர்களைத் திரட்டிப் படையொன்று அமைத்தார். அது துப்பாக்கி ஏந்திய படையன்று. மண்வெட்டி ஏந்திய படை. அவ்விளைஞர் மாதம் 30 டொலர் சம்பளம் பெற்றனர். அதில் 25 டொலர் ஊரிலிருந்த குடும்பத்துக்கு அனுப்பப்பட்டது. 1942 வரை ஏறக்குறைய முப்பது இலட்சம் இளைஞர் நாடெங்கும் மரம் நட்டனர், கல் சுமந்தனர், பாதை வெட்டினர். டெக்சாஸ் பூங்காக்களிலே இன்றும் குடும்பங்கள் தங்கும் கல்வீடுகளும், நடந்து செல்லும் படிகளும் பாலங்களும் பல அவர்கள் கைப்பட எழுந்தவையே.

இவ்வரலாற்றிலே மறைக்கக்கூடாத கறை ஒன்றும் உண்டு. எல்லோருக்கும் என்று சொல்லப்பட்ட பூங்காக்கள் தென்மாநிலங்கள் பலவற்றிலே நெடுங்காலம் கறுப்பின மக்களுக்கு மூடியே இருந்தன. அன்றேல் ஒதுக்குப்புறத்தில் ஒரு சிறு துண்டு நிலம் அவர்களுக்கென்று விடப்பட்டது. இவ்வேற்றுமையை நீக்குமாறு நீதிமன்றம் கட்டளையிட்டபோது, தென் கரோலினா மாநிலம் 1963இல் தன் பூங்காக்கள் அனைத்தையுமே மூடியது. அயலானோடு பகிர்ந்துகொள்வதிலும் பார்க்க ஒருவருக்கும் இல்லாமற் போவதே மேல் என்று கருதிய காலம் அது. 1964இல் அவை ஓரளவு திறக்கப்பட்டன. 1966இலேதான் முழுமையாகத் திறக்கப்பட்டன. எனவே எல்லோருக்கும் என்னும் சொல் தானாக வந்து வாயிலிலே அமரவில்லை. வேலியை நீக்குவதற்கு ஒரு போராட்டமும், நிறத்தடையை நீக்குவதற்கு மற்றொரு போராட்டமும் தேவையாயின.

இன்று டெக்சாஸ் மாநிலத்திலே எண்பதுக்கு மேற்பட்ட மாநிலப் பூங்காக்கள் உள்ளன. மாநிலத்தின் மக்கள்தொகையோ மூன்று கோடிக்கு மேல். இவர்களுட் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் பல ஒரே வாரத்திலே விடுமுறை பெறுகின்றன. அந்த வாரம் வெயில் கொளுத்தாத வாரம். குளிர் விலகும் வாரம். மாநில மலராகிய புளூபொனெற் என்னும் நீலமலர் மார்ச் மாதக் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் வயல்வெளிகளை நீலக் கம்பளமாக்கும். விடுமுறை சற்றுப் பிந்தி வருமாயின் அக்காட்சியும் கிடைக்கும். இத்தனை பேரும் ஒரே நாளில் வந்தால், நின்று பார்ப்பதற்கும் இடம் இராது. பார்ப்பதற்குரிய பொருளும் எஞ்சாது. மந்திரப் பாறையின் உச்சியிலே மழைநீர் தேங்கும் சிறு குழிகள் உள்ளன. மழை பெய்ததும் அவற்றிலே கண்ணுக்கு அரிதிற் புலப்படும் சிற்றிறால் வகை ஒன்று பிறந்து, நீர் வற்றுமுன் முட்டையிட்டு மடிகின்றது. ஏறக்குறைய நூறு கோடி ஆண்டு வயதுள்ள அப்பாறை எவ்வளவு மிதித்தாலும் தாங்கும். அக்குழியின் உயிர் தாங்காது. ஆகவேதான் வாகனத் தரிப்பிடம் நிறைந்ததும் வாயிலை மூடுகின்றனர்.

இனி, செல்வதற்கு ஆயத்தம் செய்யும் முறையைப் பார்ப்போம். முதலாவது வேலை நாட்காட்டியை எடுப்பதாகும். அமெரிக்காவிலே நாடு முழுவதற்கும் பொதுவான பாடசாலை விடுமுறை இல்லை. ஒவ்வொரு கல்வி வட்டாரமும் தன் விடுமுறையைத் தானே தீர்மானிக்கின்றது. அயலூர்ப் பிள்ளைகளுக்கு விடுமுறை ஒரு வாரம் முந்தியோ பிந்தியோ வரக்கூடும். இரு குடும்பங்கள் சேர்ந்து போவதாயின் இதனை முதலில் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, முன்பதிவு. டெக்சாஸ் பூங்காக்களிலே இரவு தங்குவதற்குரிய கூடாரத்தளத்தை ஐந்து மாதங்களுக்கு முன்னரே பதிவு செய்யலாம். அஃதாவது மார்ச் விடுமுறைக்கு உரிய இடம் ஒக்டோபரிலேயே கிடைக்கத் தொடங்குகின்றது. காலையிற் சென்று மாலையிலே திரும்புவோர் முப்பது நாட்களுக்கு முன் பகற்சீட்டுப் பெறலாம். மாநிலத்துக்கு மாநிலம் இவ்விதி வேறுபடும். கலிபோர்னியாவிலே பொதுவாக ஆறு மாதம். புளோரிடாவிலே அம்மாநிலத்தவருக்குப் பதினொரு மாதம். பென்சில்வேனியா, ஒகையோ, மிசூரி முதலிய சில மாநிலங்களிலே பூங்காவினுட் செல்வதற்குக் கட்டணமே இல்லை. டெக்சாஸிலே கட்டணம் உண்டு. ஆயினும் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். பதிவுகள் இணையத்திலும் தொலைபேசியிலும் நடைபெறுகின்றன. விதிகளும் கட்டணங்களும் அவ்வப்போது மாறுவனவாதலால், புறப்படுமுன் அந்தந்த மாநிலத்துப் பூங்காத் திணைக்களத்தின் அறிவித்தலை ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.

கூட்டமாகச் செல்வது நம்மவர் வழக்கம். பெரியப்பா குடும்பம், சித்தி குடும்பம் என்று பதினைந்து பேர் சேர்ந்துவிட்டால் ஒரு கூடாரத்தளம் போதாது. டெக்சாஸிலே ஒரு தளத்தில் எட்டுப் பேருக்கு மேல் தங்க இடம் கொடுப்பதில்லை. ஆகையால் அருகருகே இரண்டு தளங்களைப் பதிவு செய்தல் வேண்டும். அன்றேல் குழுக்களுக்கென்றே சில பூங்காக்களில் உள்ள மண்டபங்களைக் கேட்டல் வேண்டும். இரவு பத்து மணிக்குப் பின் அமைதி காக்க வேண்டும் என்பதும் அங்கே விதி. ஊர்க்கதை பேசிச் சிரிப்பதற்குப் பகல் முழுவதும் இருக்கின்றது.

மூன்றாவது, இடத்தைத் தெரிதல். இங்கே பலரும் செய்யும் தவறு, பெயர்பெற்ற ஒரே இடத்தை மட்டும் மனத்திலே வைத்துக்கொள்வதாகும். ஒவ்வோர் இடத்துக்கும் அதற்குரிய பருவம் உண்டு. உதாரணமாக, டைனோசர் வலி என்னும் பூங்காவிலே, பலக்சி ஆற்றின் அடித்தளப் பாறையில், ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பேருயிர்களின் காலடிச் சுவடுகள் பதிந்துள்ளன. பிள்ளைகள் அதனைக் காண ஆவலுறுவர். ஆயின் அச்சுவடுகள் ஆற்றின் நீர் வற்றும் கோடையின் கடைசியிலேதான் நன்கு தென்படும். 2022ஆம் ஆண்டுக் கடுவரட்சியின்போது வழக்கமாக நீருக்கும் சேற்றுக்கும் அடியிலே மறைந்திருக்கும் சுவடுகளும் வெளிப்பட்டன. வசந்த மழைக்குப் பின் சென்றால் கலங்கிய நீரை மட்டும் பார்த்துத் திரும்ப நேரலாம். எனவே புறப்படுவதற்கு முன் ஆற்றுநீரின் நிலையைப் பூங்கா அலுவலகத்திலே விசாரித்தல் வேண்டும்.

மாறாக, மேற்கு டெக்சாஸிலுள்ள பல்மொரேயா பூங்காவின் நீச்சற்குளம் எப்பருவத்துக்கும் ஏற்றது. மேலே கூறிய இளைஞர் படை கட்டிய அப்பெருங்குளத்துக்கு நிலத்தடி ஊற்றொன்றிலிருந்து நாளொன்றுக்கு ஒன்றரைக் கோடி கலன் அளவிலான நீர் பெருகுகின்றது. ஆண்டு முழுவதும் அந்நீரின் வெப்பம் 22 முதல் 24 பாகை செல்சியஸ் அளவிலே நிற்கும். அருகே டேவிஸ் மலைப் பூங்கா இருக்கின்றது. நகர வெளிச்சம் எட்டாத அம்மலையிலே இரவு வானம் கறுத்துத் தெளிந்திருக்கும். அண்மையிலுள்ள மக்டொனல்ட் வானியல் ஆய்வுநிலையத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். வடக்கே பலோ டூரோ என்னும் செந்நிறப் பள்ளத்தாக்கு ஏறக்குறைய 120 மைல் நீளமுடையது. சில இடங்களிலே 800 அடி ஆழமுடையது. அங்கே மார்ச் மாதப் பகல் இதமாக இருந்தாலும் இரவு உறைபனி அளவுக்குக் குளிரலாம்.

தொலைவையும் கணக்கிடாது விடலாகாது. டல்லாஸ் நகரிலிருந்து டேவிஸ் மலைக்குக் காரிலே ஏழெட்டு மணி நேரம் ஆகும். இலங்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை செல்வதிலும் அது நீண்ட பயணம். வயது முதிர்ந்தவர்களும் கைக்குழந்தைகளும் உடன்வருவார்களாயின், பெயர்பெற்ற தூரத்துப் பூங்காவிலும் ஒன்றரை மணி நேரத்திற் சேரத்தக்க சிறு பூங்காவே மேலானது. முதலாவது விருப்பத்தோடு இரண்டாவது, மூன்றாவது விருப்பத்தையும் எழுதிவைத்துக்கொண்டு பதிவைத் தொடங்குபவர் ஏமாறுவதில்லை.

நான்காவது, ஆபத்தை அறிதல். ஆழமறியாமற் காலைவிடாதே என்பது நமது பழமொழி. பெடர்னேலஸ் நீர்வீழ்ச்சிப் பூங்காவிலே அதன் பொருள் நன்கு விளங்கும். அவ்வாற்றின் சுண்ணக்கற் படிகளிலே தெளிந்த நீர் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். மேலே எங்கோ மழை பெய்தால், தலைக்கு மேல் வானம் வெளித்திருக்கவே, சில நிமிடங்களில் வெள்ளம் புரண்டு வரும். பூங்காவிலே அபாயச் சங்கு ஒலித்ததும் பொருள்களை எடுக்க நில்லாது மேட்டுக்கு ஓடுதல் வேண்டும். அந்த மலைநாட்டுப் பகுதியிலே 2025ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் விடியுமுன் குவாடலூப் ஆற்றிலே பெருகிய வெள்ளம் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஆற்றங்கரை விடுமுறை முகாமொன்றிலே உறங்கிய சிறுமியரும் அவர்களுள் இருந்தனர். கரையோரத்திலே தங்குபவர் வானிலை எச்சரிக்கையை இரவிலும் கேட்கத்தக்க கருவி ஒன்றை உடன்வைத்திருப்பதும், மேட்டுக்குச் செல்லும் வழியைப் பகலிலேயே நடந்து பார்த்துவைப்பதும் கட்டாயமாகும்.

நீரைப் போலவே நெருப்பும் அஞ்சத்தக்கது. குளிர்காலத்திலே காய்ந்த புல்லும் வசந்தத்தின் வலிய காற்றும் சேர்வதால் மார்ச் மாதம் வடக்கு டெக்சாஸிலே காட்டுத்தீக்குரிய காலம். 2024ஆம் ஆண்டு பெப்ரவரிக் கடைசியில் மூண்ட தீ ஒன்று பத்து இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை எரித்து, மார்ச் நடுப்பகுதியிலேதான் அடங்கியது. முன்னர் 2011இல் பாஸ்ட்ரொப் பிரதேசத்திலே பரவிய தீ 1,600க்கு மேற்பட்ட வீடுகளை அழித்ததோடு, அங்குள்ள மாநிலப் பூங்காவின் பைன் மரக்காட்டையும் பெரும்பாலும் விழுங்கியது. இளைஞர் படை கட்டிய பழைய கல்வீடுகளைத் தீயணைப்பாளர் அரும்பாடுபட்டுக் காத்தனர். ஆகவே, தீமூட்டத் தடை என்று பலகை இருந்தால் அங்கே சமைக்க எண்ணாது, வீட்டிலிருந்தே சமைத்துக்கொண்டு செல்வது நன்று. விறகு பொறுக்குவதும் பூப்பறிப்பதும் எக்காலத்திலும் தடை செய்யப்பட்டவை. விழுந்த மரம் மக்கி மண்ணாவதும் காட்டின் வேலைகளுள் ஒன்று.

கொண்டுசெல்ல வேண்டிய பொருள்களைச் சுருங்கச் சொல்லலாம்: ஒவ்வொருவருக்கும் தேவையிலும் சற்று அதிகமான குடிநீர், தொப்பி, இறுகப் பிடிக்கும் சப்பாத்து, இரவுக்குக் கம்பளி உடை, மின்சூள், முதலுதவிப் பெட்டி, குப்பையைத் திருப்பிக் கொண்டுவருவதற்கு ஒரு பை. பள்ளத்தாக்குகளிலே கைத்தொலைபேசி வேலை செய்யாதாதலால், பாதைப் படத்தையும் பதிவுச் சீட்டையும் கடதாசியில் அச்சிட்டு எடுத்துச் செல்லல் வேண்டும்.

ஐந்தாவது ஒன்று உண்டு. அதுவே பலரும் மறப்பது. போக முடியாது என்று தெரிந்தவுடன் பதிவை இரத்துச் செய்தல் வேண்டும். பலர், சிறுதொகைதானே என்று எண்ணி, பேசாமல் வீட்டில் இருந்துவிடுகின்றனர். அன்று அத்தளம் வெறுமையாகக் கிடக்கும். வாயிலிலோ இடமில்லை என்ற பலகை நிற்கும். இரத்துச் செய்த இடம் உடனே மற்றவர் பதிவதற்குத் திறக்கின்றது. முன்பே இடம் கிடையாதவர்களும் பயணத்துக்குச் சில நாட்களின் முன் மீண்டும் பார்த்தால், இவ்வாறு விடுபட்ட இடமொன்று அகப்படக்கூடும்.

இவ்வளவு ஒழுங்கும் செய்து காக்கப்படும் நிலம் என்றைக்கும் நிலைத்திருக்கும் என்று எண்ணிவிடவும் முடியாது. டெக்சாஸின் கிழக்குப் பகுதியிலே பெயர்பீல்ட் ஏரி என்றொரு மாநிலப் பூங்கா இருந்தது. 1970களிலிருந்து மக்கள் அங்கே மீன்பிடித்தனர், கூடாரமடித்தனர். ஆனால் அந்நிலம் மாநிலத்துக்குச் சொந்தமானதன்று. மின்நிலையம் நடத்திய கம்பனியொன்று குத்தகையாகக் கொடுத்த நிலம். மின்நிலையம் மூடப்பட்ட பின்னர் அந்நிலமும் ஏரியும் வீடமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டன. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் பூங்காவின் வாயில் மக்களுக்கு மூடப்பட்டது. மாநிலம் நிலத்தைச் சட்டப்படி சுவீகரிக்க முயன்றது. நீதிமன்றம் நியமித்த குழு அதற்கு 41 கோடி டொலருக்கு மேல் விலை மதித்தது. மாநிலம் முயற்சியைக் கைவிட்டது. பூங்காச் சபையின் நூற்றாண்டு விழா நடந்த ஆண்டும் அதுவே.

ஆயினும் அவ்வாண்டு முடியுமுன் வேறொன்றும் நிகழ்ந்தது. நவம்பர் மாதம் நடைபெற்ற வாக்கெடுப்பிலே, புதிய பூங்காக்களுக்கு நிலம் வாங்கவென 100 கோடி டொலர் நிதி ஒன்றை நிறுவுவதற்கு டெக்சாஸ் மக்கள் பெரும்பான்மையாக இசைந்தனர். நூறு ஆண்டுகளுக்கு முன் ஊர்ஊராகத் தானம் கேட்ட சபைக்கு, இப்போது மக்களே தம் வரிப்பணத்திலிருந்து கொடுக்க முன்வந்தனர். நிலம் பொதுவாக இருக்க வேண்டுமாயின் அதன் உறுதியும் பொதுமக்கள் கையில் இருத்தல் வேண்டும் என்பதை அந்த ஏரி கற்பித்துச் சென்றது.

இனி மந்திரப் பாறையின் வாயிலிலே நின்ற குடும்பத்திடம் திரும்புவோம். எங்களை ஏன் விடவில்லை என்று கேட்ட பிள்ளைக்குத் தந்தையார் என்ன விடை கூறலாம்? முன்னொரு காலத்திலே இத்தகைய வாயில்களில் காசுள்ளவன் மட்டும் உள்ளே போனான். பின்னொரு காலத்திலே வெள்ளைத் தோல் உள்ளவன் மட்டும் உள்ளே போனான். இன்று முதலிலே பதிந்தவன் போகின்றான், அவன் யாராயினும் சரி என்று கூறலாம். இம்முறையிலும் குறை இல்லாமலில்லை. ஐந்து மாதத்துக்கு முன் தன் விடுமுறையை அறியாத கூலித் தொழிலாளிக்கும், இணைய வசதி இல்லாதவருக்கும் இது எளிதன்று. அவர்களுக்காகவே, இடத்தை வீணே பிடித்துவைக்காமல் விட்டுக்கொடுக்கும் கடமை மற்றவர்களுக்கு மேலும் வலுக்கின்றது.

அன்று அக்குடும்பம் வருந்தித் திரும்ப வேண்டியதில்லை. எழுதிவைத்த இரண்டாவது விருப்பம் ஒன்று இருந்தால், ஒரு மணி நேர ஓட்டத்திலே வேறொரு பூங்காவின் ஏரிக்கரையில் அம்மம்மா கட்டுச்சோற்றை அவிழ்த்திருப்பார். பிள்ளைகளும் அடுத்த ஆண்டு நாட்காட்டியை எடுத்து, ஒக்டோபர் மாதத்திலே ஒரு நாளுக்குச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்பார்கள்.